சிவப்பு ஓரம்

அவருடைய சைக்கிள் மேட்டில் ஏறாவிட்டால் அவர் மேட்டைத்தான் திட்டுவார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் டயருக்கு எங்கே போவது? ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தைச் சுற்றிப் போட்டு, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் குழாய் கழன்று பின்னால் இழுபட்டு வரும். இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்னா ரோடு போட்டிருக்கானுங்க! ஒரு சக்கரம் ஒழுங்கா உருள முடியுதா?” என்பார். சைக்கிளில் கோளாறு என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா? மூச்!

பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய ஆட்கள் இன்னும் செரம்பான் பக்கம் ராசாவில் இருக்கிறார்கள். எங்கள் பெரியப்பாவைப் பற்றி இப்படியா எழுதுவது என்று அவர்கள் சண்டைக்கு வந்தால் எனக்கும் வாய் சும்மா இருக்காது, பிறகு அது பெரிய வம்பாகிவிடும். எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் படக்காரர். எனக்குப் படக்கார மாமா. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. கல்யாணம் கட்டாதவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது விட்டுச் சென்ற காக்கி அரைக்கால் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிவார். அது அவருக்கு முழங்காலுக்குக் கீழே வந்து தொங்கும்.

“என்ன மாமா, அளவு பெருசா இருக்கே?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“துணி சரியாத்தான் இருக்கு. தொரைக்குத்தான் உசரம் கூட” என்றார்.

எங்கள் தோட்டம் லாபு ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. துரை காலத்தில் படக்காரருக்குப் புகைக்கொட்டகையில் வேலை, ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காய வைப்பது. ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை, கொட்டகை அடுப்பு அணைந்துவிட்டது. ஜன்னல் இல்லாத இருட்டுக் கட்டடம். போட்டோ பைத்தியம் பிடித்த மனிதருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அங்கேயே படம் கழுவ ஆரம்பித்துவிட்டார். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அதற்கும் பயன்படுத்துவார். பக்கத்தில் போனால் மூக்கைத் துளைக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர். என் அப்பா மலேரியாவில் படுத்தபோது அந்தக் குழாய் கட்டிய சைக்கிளில்தான் செரம்பான் வரைக்கும் போய் யார் காலையோ பிடித்து மாத்திரை வாங்கி வந்தார். அப்பா பிழைக்கவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் வாசலில் நின்றபடி, “மருந்து நல்ல மருந்துதாம்மா. காய்ச்சல்தான் முந்திக்கிச்சு” என்றார். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் நான் அடிக்கப் போயிருப்பேன். அவர் சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

அவருடைய காமெரா மூன்று கால் வைத்த மரப்பெட்டி. முன்னால் ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் கண்ணாடி. பின்னால் பால் நிறத்தில் ஒரு கண்ணாடித் தகடு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அந்தத் தகட்டைப் பார்த்தால் எதிரே நிற்கிற ஆள் தலைகீழாகத் தெரிவார். தலைகீழாக இருந்தால் என்ன, நிறத்தோடு தெரிவாரே! சேலை பச்சை என்றால் பச்சை, பூ மஞ்சள் என்றால் மஞ்சள். காற்றடித்தால் பின்னால் இருக்கிற வாழை இலை ஆடுவதுகூடத் தெரியும். கழுவிக் கையில் கொடுக்கிற படத்தில் இதெல்லாம் ஏது? அது வெறும் கறுப்பும் வெள்ளையும்தானே.

படம் பிடிக்கிற தகடுகள் அவரிடம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தன. செரம்பான் கடைகளில் கேட்டால் கையை விரித்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் பெட்டியை மூலையில் போட்டிருப்பார். இவரா போடுகிற ஆள்? கல்யாண வீட்டில் போய்ப் பெட்டியை நிறுத்துவார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் முன்னால் நிறுத்திவிட்டு, வீட்டுப் பெரியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் துணிக்குள் தலையை விடச் சொல்வார்.

“நல்லாப் பாருங்க. காயிதத்துல பிடிச்சா மங்கிப் போவும். கண்ணுல பிடிச்சா சாகுற வரைக்கும் இருக்கும்” என்பார்.

படமே இல்லாத படம். அதற்கும் சனங்கள் வரிசையில் நின்றார்கள். பார்த்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு கொடுத்துவிட்டுப் போனார்கள். சோற்றுக்கே வழியில்லாத அந்தக் காலத்தில் எங்களுக்கு வேறு என்ன வேடிக்கை இருந்தது, சொல்லுங்கள்?

துணிக்குள் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைக் கவனித்தார்கள். ஆளைச் சுற்றி, முடி ஓரத்தில், தோள் ஓரத்தில், நூல் பிடித்த மாதிரி ஒரு நிறம் ஓடும். சில பேருக்கு நீலம், சில பேருக்குச் சிவப்பு. வெயிலில் வெள்ளை வேட்டி கட்டி யாராவது நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம், கரை வைத்துத் தைத்த மாதிரி பளிச்சென்று ஓரம் அடிக்கும். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் துணியிலிருந்து தலையை எடுத்து, “என்னய்யா இது, சாயம் கசியுது?” என்று கேட்டுவிட்டார்.

படக்காரருக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. “கசியுதா? ஜெர்மன்காரன் செஞ்ச கண்ணாடிய்யா இது! நல்ல கண்ணாடின்னா ஆளோட ஒளியும் சேர்ந்து தெரியும். நீங்க இதுக்கு முன்ன பார்த்ததில்ல, அதான் கேக்குறீங்க” என்றார்.

வாயால் அப்படிச் சொன்னாரே தவிர, அந்த ஓரத்தை ஒழிக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அடுத்த வீடாயிற்றே! பால் டின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் செருகிப் பார்ப்பார். ஓட்டை சின்னதாக இருந்தால் ஓரம் அடங்கிவிடும். ஆனால் உள்ளே இருண்டுவிடும், பார்க்கிறவர்களுக்கு மாப்பிள்ளையும் தெரியாது, மாமரமும் தெரியாது. மூடியை எடுத்தால் ஓரம் மறுபடியும் வந்து நிற்கும். பிறகு மஞ்சளைக் கரைத்துக் கண்ணாடிக் காகிதத்தில் பூசி ஒட்டினார். ஓரம் குறைந்தது, ஆனால் எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருந்தது. கடைசியில் ஆட்களைத் திருத்தப் புறப்பட்டுவிட்டார். வெள்ளை வேட்டிக்காரர்களை வீட்டுக்கு விரட்டிக் கைலி கட்டி வரச் சொல்வார். ஆளை நட்டநடுவில் நிறுத்துவார். முதுகுக்குப் பின்னால் வானம் தெரியவே கூடாது, புகைக்கொட்டகையின் கரிச்சுவர்தான் இருக்க வேண்டும்.

“வானம் தெரிஞ்சா என்ன மாமா?” என்று கேட்டேன்.

“மரியாதைம்மா. வானம் பெரியவரு. அவருக்குப் பொசுக்குனு முதுகைக் காட்டக் கூடாது.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மறுநாள் முதல் தோட்டத்தில் பாதிப் பேர் இதை நம்பிக்கொண்டு, கரிச்சுவர்ப் பக்கமே முதுகு காட்டி நின்றார்கள்.

ஒரு நாள் ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்தார். யாரோ காமெரா விஷயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்று குனிந்து வணக்கம் சொன்னோம். பெட்டி போய்விடும், ஆளும் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அதிகாரி துணிக்குள் தலையை விட்டார். எதிரே ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி, வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாக நடுங்கிக்கொண்டு நின்றார். துணிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதிகாரி வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார், படக்காரர் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார், பெட்டியைத் தொடாமல் போய்விட்டார்.

“பார்த்தீங்களா? மலைச்சுப் போயிட்டான். இவ்ளோ நல்ல சாமான எடுத்துட்டுப் போனா பாவம்னு விட்டுட்டான்” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு கல்யாணம் வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து சில வாலிபர்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் பெட்டிக்கு முன்னால், கிட்டத்தில் குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்குள் தலையை விட்டிருந்தவர், “ஏய், இவனுக்கு மட்டும் செவப்பா ஓடுதுடா!” என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த வாலிபரும் சிரித்தார். அடுத்த வாரம் சியாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரியில் ஏற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

அவ்வளவுதான். சிவப்பு ஓடினால் சியாம், நீலம் ஓடினால் வீடு. இதை யார் முதலில் சொன்னார்களோ, தெரியாது. லயத்துக்கு லயம் பரவிவிட்டது. சியாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி கிடையாது, ஒரு தகவல் கிடையாது. அடுத்தது யார் என்று தெரியாமல் இருப்பதைவிட ஏதாவது ஒரு கண்ணாடி சொன்னால்கூடத் தேவலை என்று சனங்களுக்கு ஆகிவிட்டது. ஜாதகம் பார்க்கிற மாதிரி கண்ணாடி பார்க்க வந்தார்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணையும் பிள்ளையையும் அவர் பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“என்ன மாமா, உங்க கண்ணாடி சோசியம் சொல்லுதாமே?” என்று கேட்டேன்.

“சனங்க எதையாச்சும் பேசுவாங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“எப்படிம்மா சொல்றது?” என்றார். அவருடைய கஷ்டம் அங்கேதான் இருந்தது. அது சோசியம் இல்லை என்றால் பிறகு என்ன? கண்ணாடியில் கோளாறு என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் நாக்கு எழும்பாது.

ஆனால் ஒன்று செய்தார். இதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். பித்தளைக் குழாயை ஒரு நெல்மணி அளவு வெளியே இழுத்து வைத்தால் எதிரே நிற்கிற எல்லாருக்குமே நீலம்தான் ஓடும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அன்றிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் நீலம். கிழவனுக்கும் நீலம், குமரிக்கும் நீலம். படம் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அதை யார் கவனித்தார்கள்? நீலம் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டம். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றபோது ஒரு நாள் என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வந்தவர். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. லயத்து வாசலில் மூட்டையை வைத்துவிட்டு, “பத்திரம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. இதைச் சொல்ல இப்போது என்ன வெட்கம்?

கல்யாணம் சீக்கிரம் நடந்தாக வேண்டும். சியாமுக்கு இன்னொரு கூட்டம் எடுக்கப் போகிறார்கள் என்று தோட்டத்தில் வேலை மேய்க்கிற மண்டோர் சொல்லியிருந்தார். கல்யாணம் ஆனவர்களைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள் என்று ஒரு பேச்சு. மெய்யோ பொய்யோ, எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். என் பக்கத்திலும் அவசரம்தான். அப்பா இல்லாத வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு அம்மா ராத்திரியில் கண் மூடியதே இல்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் அந்தக் காலத்தில் இன்னொன்று எங்கிருந்து வரும்?

மாப்பிள்ளையின் அம்மா வந்தார்கள்; எனக்கு அத்தை முறை. மெலிந்த உடம்பு, சத்தம் போடாத பேச்சு. தட்டில் வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு தேங்காயும் வைத்திருந்தோம். எனக்குக் கிராணி வீட்டம்மா இரவல் கொடுத்த வெளிர் மஞ்சள் பட்டு. அத்தை தட்டைத் தொடவில்லை.

“மொதல்ல கண்ணாடியில பார்த்துடறேன் தங்கச்சி. தப்பா நெனைச்சுக்காதே. ஏற்கெனவே ஒரு புள்ளையச் சியாமுக்குக் குடுத்துட்டு நிக்கிறவ நானு” என்றார்கள்.

“பாருங்க அண்ணி, நல்லாப் பாருங்க” என்றாள் அம்மா. அம்மாவுக்குப் பயமில்லை. எல்லாருக்கும் நீலம்தானே வருகிறது!

புகைக்கொட்டகைச் சுவருக்கு முன்னால் என்னை முக்காலியில் உட்கார வைத்தார் படக்காரர். எனக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி, கூட வந்திருந்த மாப்பிள்ளையை நிறுத்தினார். லயத்துச் சனம் பாதி அங்கேதான் நின்றது. அத்தை துணிக்குள் தலையை விட்டார்கள்.

“நீலந்தான்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ரெண்டு பேருக்கும் நீலம்.” அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு அத்தை, “ஆனா மூஞ்சியே தெரியலையேண்ணே. எம்புள்ள மூஞ்சி அழிஞ்ச மாதிரி இருக்கு. என்ன, கண்ணாடி மங்கலா?” என்றார்கள்.

அவ்வளவு பேர் நடுவில் இப்படிக் கேட்டால் அவர் பொறுப்பாரா? “மங்கலா? எங் கண்ணாடியா?” என்றார். கை தானாகக் குழாய்க்குப் போனது. ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போயிருக்காது. எங்கே யோசித்தார்? “இப்பப் பாருங்க, உங்க புள்ள மீசைய எண்ணிச் சொல்லலாம்” என்று குழாயை உள்ளே தள்ளினார்.

“ஆமா, இப்ப நல்லாத் தெரி...” என்று தொடங்கிய அத்தை நிறுத்திவிட்டார்கள். துணி அசையவில்லை. வெளியே வந்தபோது முடி கலைந்து, முகத்தில் ரத்தமே இல்லை.

“செவப்பு” என்றார்கள். “பொண்ணுக்கு. தலையிலேருந்து தோளு வரைக்கும் ஓடுது. எம் பெரியவனுக்கு ஓடுச்சுன்னு சொன்னாங்களே, அதே செவப்பு.”

“அதெல்லாம் ஒண்ணும் இருக்காது அண்ணி...” என்று அம்மா பதறினாள்.

“பொண்ணு தங்கம், தங்கச்சி. நான் ஒரு குறையும் சொல்லல. ஆனா அந்தச் செவப்பை என் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவ மாட்டேன். ஒண்ணு போச்சு. மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான்.”

“அம்மா” என்றார் எனக்குப் பின்னால் நின்றவர். “நீ சும்மா இருடா” என்றார்கள். என் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைக் காலால் உதைத்துத் தள்ளியிருப்பேன். பட்டுச் சேலை இரவல் என்பதால் உதைக்கவில்லை. “மாமா! வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க!” என்று கத்தினேன். மணப்பெண் கத்துகிறாளே என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

“வெயில் சாஞ்சிருக்கு... அதான்... சேலையும் கொஞ்சம் வெளுத்த நெறம்... செவுத்துல கரி வேற உதிர்ந்திருக்கு...” என்று இழுத்தார். வெயில்மேல் போட்டார், சேலைமேல் போட்டார், சுவர்மேல் போட்டார். கண்ணாடிப் பக்கம் மட்டும் போகவில்லை.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டார்கள். போகும்போது அவரிடம் நின்று, கும்பிட்டபடி சொன்னார்கள்: “உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. நல்ல கண்ணாடி வச்சிருக்கீங்க. எம் பெரியவனுக்கு அது முன்னாடியே சொல்லியிருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா அவனை ரப்பர் காட்டுக்குள்ள எங்கியாச்சும் ஒளிச்சு வச்சிருப்பேன்.”

ஆயுசில் யாரும் அந்தக் கண்ணாடியை அப்படிப் புகழ்ந்ததில்லை. படக்காரர் அப்படியே முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்குக் கிட்ட வந்து குந்தியிருந்த பையன்... உங்க புள்ளையாம்மா?”

“ஆமா.”

மண்ணைப் பார்த்தபடி ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. “என்னண்ணே?” என்றார்கள் அத்தை.

“நல்ல கண்ணாடி இல்லம்மா” என்றார். “மட்டமான கண்ணாடி.”

எழுந்து போய்க் குழாயைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்ததைக் கையில் கொட்டி எல்லாருக்கும் காட்டினார். “சப்பான்காரன் வந்த புதுசுலயே நல்லதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான். இது ஆபீசுல கிராணி எழுத்துப் பார்க்க வச்சிருந்த பூதக்கண்ணாடி. கைப்பிடிய ஒடைச்சுட்டு உள்ள வச்சிருக்கேன்.”

“அடப்பாவி மனுஷா!” என்று கூட்டத்திலிருந்து கிராணியின் குரல் வந்தது. “ஆபீஸ் முழுக்கத் தேடினேனேலா!” யாரும் சிரிக்கவில்லை.

“நல்ல கண்ணாடின்னா எல்லா நெறத்தையும் ஒரே எடத்துல கொண்டாந்து சேக்கும்மா. இது சேக்காது. நீலம் ஒரு எடத்துல நிக்கும், செவப்பு ஒரு எடத்துல நிக்கும். சேராத நெறம் ஓரத்துல வழியும். கிட்ட இருக்கறவங்களுக்குச் செவப்பு வழியும், தள்ளி நிக்கறவங்களுக்கு நீலம் வழியும். அவ்ளோதான் விசயம்.”

அத்தை தலையை ஆட்டினார்கள். “பொண்ணு வாழணும்னு சொல்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு.”

“அப்ப நீங்களே பாருங்க” என்று கண்ணாடியை மறுபடியும் பொருத்தினார். என்னை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு மாப்பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்தார். அத்தை தயங்கித் தயங்கித் துணிக்குள் போனார்கள். மறு நொடி, “ஐயோ! எம்புள்ளைக்கு ஓடுதே! செவப்பு!” என்று அலறினார்கள்.

“கத்தாதீங்கம்மா. கைய இப்படிக் குடுங்க.” அவர்கள் கையைப் பிடித்துக் குழாய்மேல் வைத்தார். “இழுங்க.”

“...நீலம்.”

“இப்பத் தள்ளுங்க.”

“செவப்பு.”

“இழுங்க.”

“நீலம். அட!”

அதற்குப் பிறகு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தையே இழுத்தார்கள், தள்ளினார்கள், மறுபடியும் இழுத்தார்கள். மகனை எழுப்பிவிட்டுக் கிராணியை உட்காரச் சொன்னார்கள். “எனக்கு எதுக்கு, சும்மா இருங்கலா” என்று அவர் ஓடப் பார்த்தார், பிடித்து உட்கார வைத்தார்கள். அவருக்குச் சிவப்பு. எங்கள் வீட்டு ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆட்டுக்குச் சிவப்பு, தாடியில்கூடச் சிவப்பு. வெறும் முக்காலியைப் பார்த்தார்கள். முக்காலிக்கும் சிவப்பு. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

“நீங்க போயி உக்காருங்கண்ணே” என்றார்கள் கடைசியில்.

படக்காரர் போய் உட்கார்ந்தார். தொளதொள காக்கி அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு. எத்தனையோ பேரை அந்த இடத்தில் உட்கார வைத்தவர், அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அத்தை ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

“உங்களுக்கும் செவப்பு ஓடுது.”

“ஓடும்மா.”

துணியை விலக்கி வெளியே வந்தார்கள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்கள்.

“அப்ப எம் பெரியவனுக்கு?”

அவ்வளவு பேரும் அவர் வாயையே பார்த்தோம். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர். வந்துடுவான்மா, கவலைப்படாதீங்க என்று ஒரு வார்த்தை விட்டிருக்கலாம், எல்லாரும் தலையை ஆட்டியிருப்போம்.

“தெரியாதும்மா” என்றார். “கண்ணாடிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“செத்துட்டான்னு அர்த்தம் இல்லையே?”

“இல்லம்மா. கிட்ட வந்து உக்காந்திருந்தான். அவ்ளோதான் அர்த்தம்.”

அத்தை அதைத் திருப்பிச் சொன்னார்கள். “கிட்ட வந்து உக்காந்திருந்தான்.” இன்னொரு தடவை சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு என் அம்மாவிடம் திரும்பி, “தட்டை எடு தங்கச்சி, நேரமாவுது” என்றார்கள்.

அந்த மாதமே கல்யாணம். தோட்டத்துக் கோயிலில், மரவள்ளிக்கிழங்குப் பாயசத்தோடு. என் வீட்டுக்காரரை யாரும் சியாமுக்குக் கூப்பிடவில்லை. கல்யாணமானவர் என்பதாலா, மண்டோர் மறந்துவிட்டாரா, யார் கண்டது? மாமியார் வீட்டுக்குப் போன முதல் நாள் சாப்பாட்டுக்குத் தட்டுக் கழுவினேன். மூன்று பேருக்கு மூன்று தட்டு. மாமியார் பரணுக்குக் கையை விட்டு, துணியில் சுற்றிக் கட்டியிருந்த நாலாவது தட்டை எடுத்து, அவிழ்த்து, என் கையில் கொடுத்தார்கள். அதையும் கழுவி மற்ற தட்டுகளோடு வைத்தேன். தினமும் கழுவினேன்.

படக்காரர் ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. மனிதன் அப்படியெல்லாம் மாறுவானா? அதற்குப் பிறகும் அவர் கிழங்கு அவித்துக் கருகினால் விறகின்மேல்தான் தப்பு. ஆனால் கண்ணாடி பார்க்க யாராவது வந்தால், “மட்டமான கண்ணாடிங்க, ஓரம் அடிக்கும், பாருங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சனங்கள் அப்போதும் வந்தார்கள். பிள்ளைகள் சிவப்பாக வேண்டும் என்று அடித்துப் பிடித்துக்கொண்டு முக்காலிக்கு ஓடினார்கள்.

ஜப்பான்காரன் போன பிறகு, ஒரு காலை வேளையில் வீட்டுக்காரரின் அண்ணன், என் மச்சாண்டார், வந்தார். வாசலில் நின்றவரை நான் பிச்சைக்காரர் என்று நினைத்துக் கஞ்சி எடுக்க உள்ளே போனேன். மாமியார்தான் முதலில் பார்த்தார்கள். அவர்கள் அலறவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, உட்கார வைத்து, அவருடைய தட்டில் சோறு போட்டார்கள். போட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம், “ஓடு, படக்காரரைக் கூட்டிட்டு வா” என்றார்கள். சொந்தபந்தம் யாருக்கும் இன்னும் சொல்லியனுப்பவில்லை.

அவர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கையில் பெட்டி இல்லை.

“காமெரா கொண்டாரலையாண்ணே?” என்று கேட்டார்கள் மாமியார்.

அவர் நேராக மச்சாண்டாருக்கு எதிரே போய், முழங்கால் இடிக்கிற அளவு கிட்டத்தில் குந்தி உட்கார்ந்தார். எலும்பும் தோலுமாக இருந்த அந்த முகத்தை, முடியை, தோளை, சோற்றைப் பிசைகிற கையை நிதானமாகப் பார்த்தார். மச்சாண்டார் ஒன்றும் புரியாமல் சோற்றுக் கையோடு அவரைப் பார்த்தார்.

“சாப்பிடுப்பா, நீ சாப்பிடு” என்றார் படக்காரர். “சும்மா பார்க்க வந்தேன்.”